மூச்சைக் கவனி என்று சொல்வதற்கு முன்

"இப்போது சொன்னீர்களே, அது உங்கள் உடம்பில் எங்கே தெரிகிறது?" பெங்களூரின் உளவியல் ஆலோசனை அறைகளில் இந்தக் கேள்வி இப்போது சாதாரணமாகிவிட்டது. எதையும் நூறு தடவை யோசித்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர்களிடம்தான் இதைக் கேட்கிறார்கள். அவர்களிடம் எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கும். அப்பாவைப் பற்றி, மேலாளரைப் பற்றி, முறிந்துபோன கல்யாணப் பேச்சைப் பற்றிக் கோர்வையாக விளக்குவார்கள். அழுகை மட்டும் வராது. கடைசியாக எப்போது பசித்தது என்று கேட்டால் விழிப்பார்கள். தோள் இரண்டும் காதுவரை ஏறி நிற்பதை வேறு யாராவது சொன்னால்தான் உண்டு. இத்தனை விளக்கியும் இறங்காத பாரத்தை உடம்பின் வழியாக இறக்கிப் பார்க்கலாம் என்பது இந்தச் சிகிச்சையின் எளிய கணக்கு.

கோலார் தங்கவயலின் ஊரிகத்துப் பிள்ளைகளும் அந்த அறைகளுக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு ஊரில் பலருக்குப் பிழைப்பு பெங்களூரில்தான். மாரிகுப்பத்தில் கிளம்பி சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று ஆளேற்றிக்கொண்டு பங்காருப்பேட்டை வழியாக ஓடும் ரயிலில் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், திரும்பிவர அதே அளவு. கையில் போன், காதில் பாட்டு, தலைக்குள் நேற்றைய பேச்சும் நாளைய பயமும். வீட்டில் பார்க்கிற பெரியவர்கள், "இன்னாடா, எப்பப் பாரு ஒரே ரோசன?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

இந்தச் சிகிச்சையில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் ஊரிகத்து ஆளிடம் வந்து "உடம்புக்குத் திரும்பு" என்று சொல்வதற்கு முன்னால், அந்த உடம்பு இதுவரை யார் கையில் இருந்தது என்று அது விசாரித்துக்கொள்ள வேண்டும்.

யோசிப்பது ஏன் வியாதியாகிறது என்பதற்கு ஒரு நல்ல சான்று கலிபோர்னியாவிலிருந்து கிடைத்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சூசன் நோலன்-ஹொக்ஸிமா, மனம் சோர்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டுப் பதில்களை வாங்கி வைத்திருந்தார். இரண்டே வாரத்தில், 1989 அக்டோபர் 17 அன்று, லோமா ப்ரீட்டா நிலநடுக்கம் வந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ய முடியாத சோதனை அது. அதிர்வுக்குப் பிறகு அதே மாணவர்களைப் பார்த்தபோது, சோர்வு வந்தால் அதையே திரும்பத் திரும்ப அசைபோடுகிறவர்கள் என்று முன்பே தெரிந்திருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தளர்ந்திருந்தார்கள். எனக்கு ஏன் இப்படி, நான் ஏன் இப்படி என்று கேட்பவர் தீர்வைத் தேடுவதாகத்தான் நினைத்துக்கொள்கிறார். கேள்வி செக்கு மாட்டைப் போல அதே வட்டத்தில் சுற்றுகிறது, எண்ணெய்தான் இறங்கவில்லை.

நிலம் குலுங்குவது ஊரிகத்துக்குப் புதிதில்லை. ஆழத்தில் பாறை தன் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். அந்நாளில் இதை 'ஏர் பிளாஸ்ட்' என்றார்கள். மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாத்திரம் உருளும், ஓடு சரியும். அடுத்த கணம் பெண்கள் சுரங்க ஷாப்ட் பக்கம் ஓடுவார்கள். இன்றைக்கு எந்த ஷிஃப்ட், எந்த மட்டம், நம் ஆள் எங்கே என்று கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே கணக்கும் ஓடும். சுரங்கத்தை மூடி, உள்ளே தண்ணீர் ஏறிய பிறகும் அதிர்வு முழுதாக நின்றுவிடவில்லை. பாறை இயக்கத்தைப் படிக்கும் தேசிய நிறுவனம் ஒன்று 1988இல் இங்கேயே தொடங்கப்பட்டது சும்மா இல்லை.

அந்தப் பாறைக்குக் கீழே வேலை செய்தவர்களுக்குக் கருவியைவிட முந்திக்கொண்டது உடம்பு. சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கம். அடியாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டும். கூரைப் பாறையைக் கடப்பாரையால் தட்டிக் கேட்பார்கள். கணீரென்றால் உறுதி, பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே விரிசல். காற்று திசை மாறியதை முதுகு சொல்லும். தூசு உதிர்வதைக் கழுத்து சொல்லும். அடுத்த அடியை வைப்பதா, பின்வாங்குவதா என்பதை யோசித்து முடிக்க அங்கே அவகாசம் இருந்ததில்லை. தலைக்கும் உடம்புக்கும் தொடர்பு அறுந்தவர்கள் என்று நம் தாத்தாக்களை யாரும் சொல்ல முடியாது. தொடர்பு இருந்ததால்தான் பலர் மேலே வந்தார்கள்.

உடம்பின் இந்த அறிவைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் யூஜின் ஜெண்ட்லின். 1926இல் வியன்னாவில் பிறந்த யூதர். 1938இல் நாஜிகளுக்குத் தப்பிக் குடும்பத்தோடு ஓடியவர். வழியில் உதவுகிறேன் என்று வந்த ஒருவரை நம்பாமல் அப்பா விலகிப் போனாராம். எப்படித் தெரிந்தது என்று பையன் கேட்டதற்கு அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாராம். பிற்பாடு சிகாகோவில் கார்ல் ரோஜர்ஸுடன் சேர்ந்து ஆய்வு செய்தபோது, ஆலோசனை அறைகளில் பதிவான பேச்சுகளை ஜெண்ட்லின் கேட்டார். சிலருக்குச் சிகிச்சை பலிக்கிறது, சிலருக்கு இல்லை, ஏன்? குணமானவர்கள் பேசிய விதத்தில் ஒன்று பிடிபட்டது. அவர்கள் சரளமாகப் பேசவில்லை. நடுவில் நின்றார்கள். "அது கோபம்னு சொல்ல முடியாது... இங்க ஒரு மாதிரி..." என்று தடுமாறி, உள்ளே எதையோ தொட்டுப் பார்த்து, அதற்குப் பொருந்துகிற சொல்லைத் தேடினார்கள். சரளமாக விளக்கியவர்கள்தான் அதே இடத்தில் நின்றுபோனார்கள். அந்தத் தடுமாற்றத்தையே ஒரு பயிற்சியாக்கி 1978இல் புத்தகமாக எழுதினார்.

எனக்கு ஜெண்ட்லினைப் பிடிப்பது அவர் யோசனையைத் திட்டாததால். அவருக்குப் பிறகு இந்த வழியில் வந்தவர்களில் பலர் தலையை வில்லனாக்கிவிட்டார்கள். பீட்டர் லெவின், வேட்டை விலங்கிடம் தப்பிய மான் நடுங்கி உதறி எழுவதைப் பார்த்துப் பாடம் படிக்கச் சொன்னார். பெசல் வான் டெர் கோல்க் 2014இல் எழுதிய புத்தகம், உடம்பு எல்லாவற்றையும் கணக்கு வைத்திருக்கிறது என்ற எண்ணத்தை விமான நிலையப் புத்தகக் கடைவரை கொண்டுபோனது. இவற்றில் சரக்கு உண்டு. சான்று மட்டும் அவர்கள் பேசும் அளவுக்கு இல்லை. லெவினின் முறையைச் சோதித்த, 2017இல் இஸ்ரேலிலிருந்து வெளியான ஆய்வில் பங்கெடுத்தவர்கள் 63 பேர்தான். பலன் தெரிந்தது உண்மை. 63 பேரை வைத்துக்கொண்டு மனித குலத்துக்கே மருந்து சொல்ல முடியாது என்பதும் உண்மை.

எனக்குத் தெரிந்த பெண் ஒருவர், ரயிலில் போய்வரும் தலைமுறை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் அடிவயிற்றில் ஏதோ இறுகும். திங்கட்கிழமை வேலை பற்றிய பயம் என்றுதான் அவரே விளக்கி வைத்திருந்தார். ஆலோசகர் விளக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த இறுக்கத்துக்குப் பெயர் வைக்கச் சொன்னார். பயமா? இல்லை. எரிச்சலா? அதுவும் பொருந்தவில்லை. வெகுநேரம் கழித்து, "சங்கு ஊதறதுக்குக் காத்துனு இருக்கற மாதிரி" என்று சொன்னார். சொன்னவுடன் மூச்சு ஒன்று நீளமாக வெளியே வந்தது, கண் கலங்கியது. இத்தனைக்கும் சுரங்கத்துச் சங்கை அவர் கேட்டதே இல்லை. அவருக்கு நினைவு தெரியும் முன்பே அது நின்றுவிட்டது. இதற்கு மரபணுவைத் தோண்ட வேண்டாம். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் கதவைப் பார்த்தே உட்காரும் ஒரு பாட்டியும், அதே பழக்கத்தை விடாத ஒரு அம்மாவும் வீட்டில் இருந்தால் போதும், குழந்தை காத்திருக்கக் கற்றுக்கொள்ளும்.

அடுத்த கட்டத்தில்தான் தடுக்கியது. ஆலோசகர் வழக்கம்போல, "கண்ணை மூடுங்கள், மூச்சை மட்டும் கவனியுங்கள்" என்றார். அந்தப் பெண்ணுக்கு நெஞ்சு படபடத்தது; எழுந்து வெளியே போய்விட்டார்.

மூச்சு என்பது ஊரிகத்தில் அமைதிக்கான சொல் அல்ல. பாறையில் துளைபோடும்போது கிளம்பும் சிலிக்காத் தூள் நுரையீரலில் படிந்து தழும்பாகும். அது ஆறாது, வேலையை விட்ட பின்னும் வளரும். இந்தியாவில் சிலிகோசிஸ் முதலில் பதிவானதே கோலார் தங்கவயலில்தான். 1940-46இல் இங்கே 7,653 தொழிலாளர்களைச் சோதித்தார்கள்; நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. லைன் வீடுகளின் சுவர் மெல்லியது. ராத்திரியில் பக்கத்து வீட்டுத் தாத்தா மூச்சை இழுப்பது இந்த வீட்டில் கேட்கும். ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவே இடைவெளி நீண்டால், கேட்டுக்கொண்டு படுத்திருக்கிற பிள்ளையும் தன் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அப்படி வளர்ந்தவரிடம் மூச்சைக் கவனிக்கச் சொன்னால் அவர் எந்த மூச்சைக் கவனிப்பார்? தன் உடம்பின் மேல் கவனத்தைத் திருப்பினாலே சிலருக்குப் பதற்றம் கூடும் என்பதை உளவியல் 1980களிலேயே எழுதிவைத்திருக்கிறது. ஆனால் செல்போன் தியானச் செயலிகளில் அதை அதிகம் பார்க்க முடிவதில்லை.

கேட்பதற்குச் சின்ன மாற்றம்தான். மூச்சுக்குப் பதில் உள்ளங்கால். கண்ணை மூடுவதற்குப் பதில் திறந்தபடியே ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது. அசையாமல் உட்காருவதற்குப் பதில் நடப்பது. நல்ல ஆலோசகர்கள் இதைச் செய்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கும் கடைசியில் நடக்கும்போதுதான் கதவு திறந்தது. இதைச் செய்ய ஊர்க் கதை தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேட்கும் பொறுமை வேண்டும்.

உடம்பு பற்றிய இன்னொரு கணக்கும் இங்கே உண்டு. இந்தச் சுரங்கத்துக்கு வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கமிருந்து வந்து சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கிராமத்தில் அவர்கள் உடம்பு தீட்டு. சுரங்கக் கம்பெனிக்கு அது எண்ணும் சந்தேகமும். தங்கத்தை எடுத்துப் போகிறார்களா என்று சோதனை போட்டார்கள். 1930இல் எல்லாத் தொழிலாளியின் கைரேகையையும் பதிவு செய்யக் கம்பெனி முனைந்தபோது, குற்றவாளியிடம் எடுப்பதை எங்களிடம் எடுப்பதா என்று தங்கவயலே வேலையை நிறுத்தியது. மூன்று வாரம் நீண்ட வேலைநிறுத்தம் அது. கூலி உயர்வைவிட மானம் பெரிதாகத் தெரிந்த போராட்டம் என்று நான் அதைப் படிக்கிறேன். இங்கே உடம்பு என்பது மறந்துபோய் விட்டுவந்த வீடு அல்ல. அடுத்தவன் கையிலிருந்து மீட்க வேண்டியிருந்த நிலம்.

அதை மீட்கப் பயன்பட்ட கருவி யோசனைதான். பண்டிதர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் வலுவான கிளை இருந்தது. 1907இல் அவர் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழை இங்கே சுரங்கத் தொழிலாளிகள் காசு சேர்த்து வாங்கிப் படித்தார்கள். அவர் மறைவுக்குப் பின் 1926இலிருந்து சில ஆண்டுகள் ஜி. அப்பாதுரையார் அதைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டுப் பாதுகாத்தது. நாளெல்லாம் பாறையோடு கிடந்துவிட்டு வந்து, விளக்கு வெளிச்சத்தில் வரலாற்றையும் தர்மத்தையும் பற்றி வாதாடிய மனிதர்களின் பேரப்பிள்ளைகளிடம் "நீ அதிகம் யோசிக்கிறாய்" என்பதை ஒரு குறையாகச் சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. வேலை உறுதியில்லாத, வாடகை கூடிக்கொண்டே போகிற, சுரங்க நிலத்தை என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியாத வாழ்க்கையில் பாதி யோசனை நோய் இல்லை, கணக்கு. மீதிப் பாதிக்குத்தான் ஆலோசகர் வேண்டும். எது எந்தப் பாதி என்று பிரிப்பதற்கும் வேண்டும்.

இதே பௌத்தத்தில் இன்னொரு கிளை உண்டு என்பதுதான் வேடிக்கை. அயோத்திதாசர் பிறந்தது 1845. அடுத்த ஆண்டு பர்மாவில் பிறந்த லெடி சயாடோ, துறவிகளிடம் இருந்த விபாசனா தியானத்தைச் சம்சாரிகளுக்கும் கற்றுக்கொடுத்தார். தலை முதல் கால்வரை உடம்பின் உணர்ச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் போகும் பயிற்சி அவருடைய வழியில்தான் ஊ பா கின்னிடம் போய்ச் சேர்ந்து, 1969இல் எஸ். என். கோயங்காவோடு இந்தியாவுக்குத் திரும்பியது. புத்தகயையில் அதைக் கற்ற இளம் அமெரிக்கர்கள் மாசசூசெட்ஸில் ஒரு மையம் தொடங்கினார்கள். அந்த மையத்தில் தியானத்தில் இருந்த ஜான் கபாட்-ஜின்னுக்கு 1979இல் இதை மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம் என்று தோன்றியது. இன்று பெங்களூர் ஐடி கம்பெனிகளில் மதிய உணவுக்குப் பின் நடக்கும் வகுப்பு அதுதான். தங்கவயல் பௌத்தர்கள் புத்தரிடம் முதன்மையாக எடுத்துக்கொண்டது சமத்துவத்தையும் தர்க்கத்தையும். உடம்பைக் கவனிக்கும் பகுதி ரங்கூன், புத்தகயா, அமெரிக்கா என்று சுற்றிவிட்டுக் கட்டண ரசீதோடு அவர்களுடைய பேரர்களிடம் வந்திருக்கிறது.

நம் பெண்களை இந்தக் கதையில் எங்கே வைப்பது? அவர்கள் தலைவலி என்றுதான் டாக்டரிடம் போகிறார்கள். "மாரு அடைக்குது, கை கால் குடையுது, ஒடம்பெல்லாம் எரியுது." பரிசோதனையில் ஒன்றும் இருக்காது. மனசில் உள்ளதைச் சொல்லத் தெரியாமல் உடம்பில் சொல்கிறார்கள் என்று நெடுநாள் எழுதிவந்தார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸில் ஆர். ரகுராமும் மிட்சல் வைஸும் மற்றவர்களும் 80 நோயாளிகளிடம் பேசி 1996இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. அவர்களுக்குத் தங்கள் துக்கம் தெரிந்தே இருந்தது. துக்கத்தைச் சொன்னால் பெயர் கெடும், பிள்ளைகளுக்குக் கல்யாணம் தடைபடும். உடம்பு வலி எல்லோருக்கும் வருவது, அதைச் சொல்வதில் அவமானமில்லை. எதை எங்கே சொல்வது என்ற தெளிவு அது. அம்மா உடம்பை முன்னே நிறுத்தி மனசைக் காப்பாற்றினாள். மகள் படித்து, விளக்கங்களை முன்னே நிறுத்தி உடம்பை மறைத்துக்கொள்கிறாள். இருவரில் யாருக்கும் மற்றவளைவிடக் குறைவான அறிவு என்று நான் நினைக்கவில்லை.

துக்கம் ஊரிகத்தில் தனி அறைக்குள் நடந்ததும் இல்லை. சாவு வீட்டில் மேளம் அதிரும்போது அது காதில் கேட்காது, விலா எலும்பில் கேட்கும். பெண்கள் தோள் கட்டி உட்கார்ந்து ஒப்பாரி வைக்கும்போது ஒருத்தியின் உடல் அசைவு அடுத்தவளுக்கு ஏறும். அழ வராதவளும் மூன்றாவது சுற்றில் அழுதுவிடுவாள். உணர்ச்சியை உடம்போடு சேர்த்து வைக்க யாரும் பாடத்திட்டம் போடவில்லை. இதைச் சொல்லி, பழையதே போதும் என்று நான் வாதிடவில்லை. அந்தச் சாவு வீட்டில் குடித்துவிட்டு அடித்த புருஷனைப் பற்றி ஒப்பாரி வாய் திறக்காது. கலியாணமே வேண்டாம் என்று நினைக்கும் பெண்ணுக்கும், ஆணை நேசிக்கும் ஆணுக்கும் அங்கே பாட்டு இல்லை. பூட்டிய அறையும், வெளியே சொல்லமாட்டார் என்ற உறுதியும் தேவைப்படும் பேச்சுகள் இருக்கின்றன.

அந்த அறைக்குப் போகக் காசு வேண்டும். தனியார் ஆலோசகரின் ஒரு மணி நேரக் கட்டணம் மாதாந்திர ரயில் பாஸைவிடப் பல மடங்கு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவை, 14416, இலவசம்தான், தமிழிலும் பேசலாம். அவசரத்துக்கு அது உதவும். மாதக்கணக்கில் ஒரே ஆளிடம் தடுமாறித் தடுமாறிச் சொல் தேடுவதற்கு அது ஏற்பட்டதல்ல.

ஜெண்ட்லினுக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. 1970வாக்கில் சிகாகோவில் அவரும் மாணவர்களும் 'சேஞ்சஸ்' என்று ஒரு கூட்டம் நடத்தினார்கள். மருத்துவர் இல்லை, கட்டணம் இல்லை. வந்தவர்கள் இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் பேச ஒருவர் கேட்பார், பிறகு மாறிக்கொள்வார்கள். ஊரிகத்து ரயிலில் வருஷக்கணக்காக ஒரே இடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து வருகிற கூட்டாளிகள் இருக்கிறார்கள். அவகாசமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். முயன்று பார்த்தாராம். பேசத் தொடங்கிக் கோலார் மாவட்டத்து எல்லை தாண்டுவதற்குள், எதிர் சீட்டில் இருந்த அக்கா ஒரு ஜோசியர், ஒரு கஷாயம், ஒரு வரன் மூன்றையும் சொல்லி முடித்துவிட்டார். கேட்பவர் அறிவுரை சொல்லக் கூடாது என்ற ஜெண்ட்லினின் முதல் விதியை நம் ஆட்களிடம் நடைமுறைப்படுத்துவது பாறையில் துளைபோடுவதைவிடக் கடினம் என்கிறார் அவர். அடுத்த வாரம் அக்காவை முதலில் பேசவிட்டுப் பார்க்கப்போகிறாராம்.